காரித்துறைக் காவலர் பறித்த ஆணியும் கத்தியும்

நலம் நிறைக. மழை பொய்யாதிருக்க, கடல் தன் கரை அறிந்து நிற்க. வெண்கழி நாட்டை ஆள்பவளும், துறைகள் யாவும் உடையவளும், பாய்மரக் கொடியாளுமாகிய வேலைமாதேவி, காரித்துறைப் பட்டினக் காவலர் கண்டநம்பி அரையருக்கு விடுக்கும் ஓலை. உமது பட்டினத்து வலைஞர்க்கும் வணிகர்க்கும், அவர்தம் மனைமக்களுக்கும், துறையில் பொதி சுமக்கும் கழுதைகளுக்கும் எம் வாழ்த்து உரித்தாகுக. உம்மைப் பற்றிப் பின்னர்ச் சொல்வோம்.

உமது ஓலை கண்டோம். துறையில் இறங்கிய மாலுமிகள் அனைவரும் ஒரே வகைக் கயிற்றால், ஒரே வகை முடிச்சிட்டு, இடுப்பில் ஓர் ஆணியும் ஒரு கத்தியும் கட்டியிருக்கக் கண்டு, இஃது அரசைக் கவிழ்க்கச் சூழும் கூட்டத்தின் அடையாளமே என்று துணிந்து, எல்லாவற்றையும் பறித்துக் கிட்டங்கியில் பூட்டினீராம். தம்முடைய கத்தியை ஒளித்துவைத்த மாலுமிகளின் தலைவராகிய கப்பல் தண்டல் பூவன் சாத்தனை, அரசின் பாய்க்கயிற்றை அறுத்த குற்றமும் சேர்த்து, வரும் அமாவாசையன்று கழுவேற்றப் போகிறீராம். இதற்குப் பரிசாகப் பல்லக்கு வேறு கேட்கிறீர். அடடா, என்ன அறிவு ஐயா உமக்கு!

கடலோரத்திலேயே உண்டு கொழுத்த ஒருவருக்கு இதை எழுத எமக்கே வெட்கமாயிருக்கிறது. அந்த ஆணி, கயிற்றின் புரிகளை நெம்பிப் பிரித்து, அறுந்த முனைகளை ஒன்றோடொன்று பின்னுவதற்கு. உப்புநீரில் ஊறி இறுகிய முடிச்சை நகம் பெயராமல் நெகிழ்த்துவதற்கு. கத்தி, கயிறு அறுப்பதற்கு. கப்பல் ஆடும்போது பாயையும் பக்கத்தில் நிற்பவன் வயிற்றையும் கிழிக்காதிருக்க, அதன் முனையை வேண்டுமென்றே மழுக்கியிருப்பார்கள். ஆணியால் குத்தலாமே என்பீர். குத்தலாம்தான், உமது சமையற்காரியின் அகப்பைக் காம்பாலும் குத்தலாம். அவளையும் சிறையிட்டீரோ? அவற்றைக் கயிற்றால் இடுப்பில் கட்டுவதோ, பாய்மர உச்சியில் வேலை செய்கையில் கைதவறி விழுந்து கீழே நிற்பவர் மண்டையைப் பிளக்காதிருக்க. உமது மண்டையையும் அக்கயிறே காத்துவந்தது, காக்கத் தகுந்ததோ இல்லையோ.

அதன்பின் நடந்ததை உமது ஓலை மென்று விழுங்கிவிட்டது. அன்று சாத்தனின் கப்பலில் இருந்த எம் மடைப்பள்ளித் தலைவி நீலி விழுங்காமல் சொன்னாள். துறைக்கு வெளியே சுழற்காற்று பாயை அறைந்தபோது, பாயை இழுத்துப் பிடித்த கயிறு சிக்கி இறுகியது. நெகிழ்த்த ஆணி இல்லை. அறுக்கக் கத்தி இல்லை. கப்பல் சாய்ந்து தண்ணீர் உள்ளே ஏறியது. மேற்பார்வை பார்க்க ஏறியிருந்த உமது கால் அக்கயிற்றுச் சுருக்கில் மாட்டிக்கொண்டது. அப்போது தலைப்பாகையிலிருந்து கத்தியை உருவிய சாத்தனை நோக்கி, "ஐயோ, அறுடா! சீக்கிரம் அறுத்துத் தொலைடா!" என்று கப்பல் அதிர அலறியவர் யார்? அறுக்கச் சொன்ன வாய் உம்முடையது. பிழைத்த கால் உம்முடையது. கழுவில் ஏறுவது மட்டும் அவரா? சீ!

ஆதலால் எம் ஆணை: சாத்தன் குற்றமற்றவர். பறித்தவற்றையெல்லாம் ஒவ்வொரு மாலுமி முன்னும் சென்று நின்று, உம் கையாலேயே திருப்பிக் கொடுப்பீராக. காவலர் முத்திரையைத் தூதரிடம் ஒப்படைத்து, அதே கப்பலில் ஏறி, உமது காலுக்காக அறுபட்ட கயிற்றைப் பின்னி இணைக்கும்வரை கரையில் கால் வையாதிருப்பீராக. பல்லக்கு கிடையாது.

இவ்வோலைக்கட்டின் முடிச்சைச் சாத்தன் கையாலன்றி அவிழ்க்கலாகாது, ஒரு புரி அறுந்தாலும் உமது தலை தங்காது என்று எம் தூதர் முதலிலேயே அறிவித்திருப்பார். கிட்டங்கியைத் திறந்து ஆணியை எடுத்து, சிறையைத் திறந்து அவரை அழைத்து, விலங்கையும் நீரே கழற்றியிருப்பீர். ஆகவே இவ்வரி சபையில் வாசிக்கப்படும் இவ்வேளை, அவர் ஆணியோடு உம் எதிரே நிற்கிறார். நடுங்காதீர், அரையரே. அவர் உம்மைக் குத்த நிற்கவில்லை. கயிறு பின்னக் கற்றுத்தர நிற்கிறார்.

பாயில் காற்று நிறையுங்காலம்வரை இவ்வாணை நிற்க. பாய்மர முத்திரை பொறித்தோம். வேலைமாதேவி.