ஹல்லவாராவில் வாளிச் சத்தம்

மே 14, 2018
இன்றும் அதே கூத்து. வனத்துறை அனுப்பி, இந்த வடகோடி ஊரின் கூட்டுக் காட்டைப் பற்றிப் பெண்களிடம் கேட்க வந்தால், வீட்டுக்கு வீடு கணவர்தான் பதில் சொல்கிறார். காட்டுக் குழுத் தலைவர் ரெய்யோ, "அவளுக்குக் காட்டைப் பத்தி என்னம்மா தெரியும்? பழம் பொறுக்கப் போவா, அவ்வளவுதான்" என்றார். அவர் மனைவி இர்யா காப்பி ஊற்றிக்கொண்டே சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மே 20
கணவர்களை வெளியே அனுப்பிவிட்டு, ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து வரைபடத்தை விரித்தேன். ஜூலையில் மரம் வெட்டப்போகிறார்கள். ஆண்கள் போட்ட படத்தில் மரம் மட்டும்தான் இருக்கிறது; சதுப்பில் விளையும் மஞ்சள் லக்கா பழம் இல்லை. "லக்கா பழம் பறிக்கிற சதுப்பைக் காட்டுங்க. அதைச் சுத்தி ஒரு மரத்தையும் தொட விடமாட்டேன்" என்றேன்.

இர்யா யோசிக்கவே இல்லை. ஹல்லவாரா குன்றின் மேல் விரலை வைத்தார். பக்கத்து வீட்டு ஐலியும் அங்கேயே. மற்ற எல்லோரும் அங்கேயே. பேசிவைத்துக்கொண்டார்களா? நேரமே இல்லையே.

ஜூன் 6
ஹல்லவாராவில் ஏறினேன். வெறும் பாறை. பட்டுப்போன பைன் மரங்கள். லக்கா முளைக்க ஒரு சொட்டு ஈரம் கிடையாது.

மூடுபனி இறங்கியது. பின்னால் வாளியின் கைப்பிடி கிணுங்கியது. நின்றேன். அதுவும் நின்றது. நடந்தேன். அதுவும் நடந்தது. பழமே இல்லாத ஜூனில் வாளி தூக்கிக்கொண்டு யார் வருவார்? "யாரது?" மறுபடி அதே கிணுங். ஓடிவந்துவிட்டேன் — இத்தன வயசுக்கு இப்படியா பயப்படுவாங்க?

ஜூன் 7
இர்யாவிடம் சொன்னதும் கோப்பையைக் கீழே வைத்தார்.

"லெம்பிதான். எங்கம்மா காலத்துல இருந்தவ. வாளிச் சத்தத்தை வச்சே அடுத்தவ இடத்தைக் கண்டுபிடிக்கப் பின்னாடி வருவா. அப்படி வர்றவங்களை ஹல்லவாராவுக்கு இழுத்துட்டுப் போய் விட்டுட்டு வந்துடறதுதான் எங்க வழக்கம். அவளையும் விட்டாங்க. அவ திரும்பி வரல." குரலைத் தாழ்த்தினார். "இன்னும் பின்னாடியேதான் வர்றா. என் இடத்துலயே கேட்டிருக்கேன்."

"அப்போ உங்க நிஜ இடம் எது?"

"கட்டின புருஷனுக்கே சொன்னதில்ல. உனக்குச் சொல்வேனா?"

நானும் இந்த நாட்டுக்காரிதான். என் அம்மாவும் தன் லக்கா இடத்தை எனக்கே சொன்னதில்லை. தெரிந்திருந்தும் எப்படிக் கேட்டேன்!

ஜூன் 19
ஊர்க் கூட்டத்தில், ஹல்லவாராவை வெட்டாமல் விட்டுவிட ரெய்யோ உடனே சம்மதித்தார். அங்கே வெட்ட என்ன இருக்கிறது? "பொம்பளைங்க சொன்னதையும் கேட்டாச்சு" என்றார். கைதட்டல். அது உண்மையான இடம் இல்லை என்று எழுந்து சொன்னேன். "அப்ப எதும்மா?" என்றார். பெண்கள் பக்கம் திரும்பினேன். இர்யா காப்பிக் கோப்பைகளை அடுக்கத் தொடங்கினார்.

சொல்லித் தொலைங்களேன்! எல்லாம் போகப்போகுதே!

ஜூலை 27
வடக்குச் சதுப்போரம் வெட்டும் இயந்திரம் வந்துவிட்டது. விடிந்ததும் போனேன். மூடுபனி. கிணுங் — இந்த முறை எல்லாப் பக்கமும். ஓடத் திரும்பினேன்; அந்தப் பக்கமும் கிணுங்கியது.

பனிக்குள்ளிருந்து இர்யா வந்தார், வாளியோடு. கடைசியாக ஒருமுறை பறித்துக்கொள்ள வந்திருக்கிறார். எதிரே ஐலி, வாளியோடு. ஒவ்வொரு மரத்தின் பின்னாலிருந்தும் ஒருத்தி வந்தாள். ஒருவரையொருவர் பார்த்து விறைத்து நின்றார்கள்.

"நீயாடி?" என்றார் இர்யா. "இத்தனை வருஷமா லெம்பின்னு பயந்து செத்தேனேடி!"

"நான் மட்டும்? எனக்கு மட்டுந்தான் இந்த இடம் தெரியும்னு இருந்தேன்" என்று ஐலி அழுதார்.

ரெய்யோ ஓடிவந்தார். "இங்க எதுக்கு நிக்கிறீங்க? மிஷின் வருதுல்ல?" என்று கத்தினார். நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அது என் வாயிலிருந்து வரக்கூடாது.

"இதுதான் எங்க இடம், ரெய்யோ" என்றார் இர்யா. "ஒரு மரம் விழக்கூடாது."

ரெய்யோ எல்லோர் கையிலும் இருந்த வாளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார்.

ஜூலை 24, 2019
வரைபடத்தில் வடக்குச் சதுப்பைச் சுற்றி நான் போட்ட கோடு நிலைத்துவிட்டது. மரங்களும் நிற்கின்றன. இன்று எல்லோரும் சேர்ந்தே பறிக்கப் போனோம். என்ன பேச்சு, என்ன சிரிப்பு! பனி இறங்கியதும் வாளிகளைக் கீழே வைத்துவிட்டு ஒன்றாக உட்கார்ந்து காப்பி குடித்தோம்.

அப்போது ஹல்லவாரா பக்கமிருந்து கிணுங்கியது.

ஐலி என் கையைப் பிடித்துக்கொண்டார். எண்ணிப் பார்த்தேன், எங்களில் ஒருவரும் குறையவில்லை. எல்லா வாளிகளும் தரையில்தான் இருந்தன.

இர்யா எழுந்து நின்று குரல் கொடுத்தார்: "இங்கதான் லெம்பி. வா."

சத்தம் எங்களை நோக்கி வரத் தொடங்கியது. நாங்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டோம்.