கமலாம்பாள் முகர்ந்து பார்க்காத மூட்டை

ஒரத்தநாடு,
கார்த்திகை 4, வியாழன்.

என் செல்ல மகன் வளவனுக்கு, அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவுக்கு முட்டி வலி மட்டும் மழைக்குக் கூடியிருக்கிறது. பூனாவில் நீ வேளைக்குச் சாப்பிட்டுச் சௌக்கியமாக இருக்கிறாயா? தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று சிரிக்காதே. போனில் என் வாய் தானாகவே வியாபாரம் பேச ஆரம்பித்துவிடுகிறது, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

ஆபீஸில் உட்கார்ந்து உட்கார்ந்து சலித்துவிட்டது, விதைக் கம்பெனியில் ஊர் ஊராகப் போய் விற்கிற சேல்ஸ் ரெப் வேலை வந்திருக்கிறது, முதல் தேதி சேரட்டுமா, நீதான் பன்னிரண்டு வருஷமாக மாட்டுத் தீவனம் விற்கிறாயே, நல்லது கெட்டது சொல்லு என்று கேட்டாய். அன்றைக்கு மழுப்பிவிட்டேன். நல்லது நிறைய இருக்கிறது வளவா. எனக்கு ஓர் இடத்தில் கால் தரிக்காது, உனக்கும் அதே கால்தான். ஸ்கூட்டியை எடுத்தால் எந்த வீட்டில் மாடு சினை, எந்த வீட்டில் கல்யாணம் எல்லாம் எனக்குத் தெரியும். என் அம்மா கொல்லைப்பக்கம் நின்று கூலி நெல் வாங்கிய வீடுகளில் எனக்கு நாற்காலி போட்டு "வாங்க, உக்காருங்க" என்கிறார்கள். அந்த "ங்க"வுக்காகவே எத்தனையோ வெயிலைப் பொறுத்துக்கொண்டேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கெட்டதும் உண்டு. வழியில் ஒதுங்க இடமில்லை என்று தண்ணீரே குடிக்காமல் சுற்றி இரண்டு தடவை நீர்க்கடுப்பில் படுத்தேன். அப்புறம் பார்க்கலாம் என்று விரட்டுகிறவர்களிடமும் சிரிக்க வேண்டும். மாதக் கடைசியில் இத்தனை மூட்டை விற்றாக வேண்டும் என்று டார்கெட் சொல்லி மேனேஜர் போன் மேல் போன் அடிப்பார். இதெல்லாம் பழகிவிடும். பழகாத ஒன்று இருக்கிறது, அதைத்தான் மழுப்பினேன்.

ஐப்பசி அடைமழையில் குடோன் ஒழுகி நாற்பது மூட்டை நனைந்துவிட்டது. வெயில் காட்டித் தள்ளிவிடுங்க, டார்கெட் நிற்கிறது என்றார் மேனேஜர். மற்றவர்கள் மூட்டையைப் பிரித்து, கைவிட்டு அள்ளி முகர்ந்து பார்ப்பார்கள், பூசண வாடை அடித்தால் திருப்பிவிடுவார்கள். தென்னமநாட்டுக் கமலாம்பாள் மட்டும் நான் கொண்டுபோனால் பிரித்தே பார்க்கமாட்டார், "வேம்பு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பார். அதனால்தான் ஆறு மூட்டையை அங்கே இறக்கினேன். தெரிந்தேதான் இறக்கினேன். இப்போது அவருடைய கறவை மாடு இரண்டும் தீனி எடுக்கவில்லை, கழிகிறது, பால் பாதியாகிவிட்டது. மழைக்குளிரில் வந்தது என்று நினைத்துக்கொண்டு அந்த அம்மா என்னிடமே யோசனை கேட்கிறார், "ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க" என்று மூன்று நாளாகப் போன் செய்கிறார். வைக்கோல் மட்டும் போடுங்கள், தீவனம் வேண்டாம் என்றேன், ஏன் என்று சொல்லவில்லை.

நான் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன். ஏன் புள்ள இப்படி அலையுற, உக்காரு என்கிறார் அப்பா, உட்கார முடியவில்லை. உண்மையைச் சொன்னால் வேலை போகலாம், அந்த நாற்காலியும் போகும். சொல்லாவிட்டால் மாடு போய்விடும், டாக்டருக்கும் என்ன மருந்து கொடுப்பது என்று தெரியாது. நம்மை நம்புகிற வீடு கிடைப்பதுதான் இந்த வேலையில் பெரிய நல்லது, நெருக்கடி வரும்போது கால் முதலில் அந்த வீட்டுக்குத்தான் போகிறது, இதைவிடக் கெட்டதாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. சேர்வதும் சேராததும் உன் இஷ்டம். அம்மா செய்தாளே என்பதற்காக மட்டும் சேராதே.

எந்தக் குறையும் அண்டாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், அது போதும் எனக்கு. தலைக்கு எண்ணெய் வை, கடைச்சாப்பாட்டைக் குறைத்துக்கொள், ஹெல்மெட் இல்லாமல் வண்டியைத் தொடாதே. விடிந்ததும் மாட்டு டாக்டரைக் கூட்டிக்கொண்டு கமலாம்பாள் வீட்டுக்குப் போகிறேன். இந்தக் கடிதத்தையும் எடுத்துப் போகிறேன். சொல்லிவிட்டு வெளியே வந்தால் தபால்பெட்டியில் போடுவேன், வாய் வராமல் திரும்பினால் கிழித்துவிடுவேன். இது உன் கைக்கு வந்திருந்தால், அம்மா சொல்லிவிட்டாள் என்று தெரிந்துகொள்.

இப்படிக்கு,
உன் அம்மா
வேம்பு மருதையன்