பதினான்கு மாடும் பதினான்கு தகடும்

டிசம்பர் 5, 2023
விசுவமடுவில் பேச்சியம்மாவின் பதினான்கு மாடுகளுக்கும் ஊசி போட்டு முடித்தேன். பாதிக்கு எங்கள் நிறுவனம் உருவாக்கும் மாட்டுத் தோல் கழலை நோய்த் தடுப்பூசி, மீதிக்கு வெறும் உப்புத்தண்ணீர். எதற்கு எது என்று எனக்கே தெரியாது. பட்டியல் தலைமையகத்தில் பூட்டிக் கிடக்கிறது. காதில் குத்தும் இலக்கங்கள் வந்துசேரவில்லை. அதனால் இலக்கத் தகடுகளைக் கழுத்துக் கயிற்றில் கட்டிவிட்டேன்.

ஜனவரி 2
காய்ச்சல் இல்லை, கட்டி இல்லை. பேச்சியம்மா தந்த பால் தேத்தண்ணியில் சீனி அதிகம்.

ஜனவரி 22
மாடுகளுக்குப் பொங்கும் பட்டிப் பொங்கலுக்குப் பேச்சியம்மா பழைய கயிறெல்லாம் அவிழ்த்தெறிந்து புதுக் கயிறு கட்டியிருக்கிறார். தகடுகளையும் கழுவி, மஞ்சள் பூசி, திரும்பக் கட்டியிருக்கிறார்.
“எது எதுக்குன்னு ஞாபகமில்ல மிஸ். ஒண்ணும் தொலையல, எண்ணிப் பாருங்க.”
எண்ணினேன். பதினான்கும் இருந்தன. அழுவதா, சிரிப்பதா?
மாட்டின் நிறத்தையாவது எழுதி வைத்திருந்தால் தப்பியிருப்பேன். இலக்கம் மட்டும்தான் எழுதினேன். ஆரைக் குறை சொல்லுறது? பொங்கல் வருமெண்டு எனக்குத் தெரியாதோ? எங்கட வீட்டுப் பசுவுக்கும் நான்தானே கயிறு மாத்தினனான்!

ஜனவரி 23
யாருக்கும் சொல்லவில்லை.

பெப்ரவரி 8
பேச்சியம்மாவின் பட்டிக்குள் நோய் வந்துவிட்டது. மூன்று மாடுகளுக்கு உடம்பெல்லாம் கட்டி. தகட்டில் 4, 9, 11. மருந்து தோற்றுவிட்டதா, தகடு மாறிவிட்டதா? இப்படியே எழுதி அனுப்பினால் நல்ல மருந்தைக் கெட்டதென்று சொன்னதாகுமா? கெட்ட மருந்தை நல்லதென்று சொன்னால்? ஒன்றும் விளங்கவில்லை.

பெப்ரவரி 12
செவந்தி செத்துப்போனது. பேச்சியம்மாவின் முதல் பசு, கட்டி வந்த மூன்றில் ஒன்று. “அதுக்குத் தண்ணியத்தான் போட்டீங்களா?” என்று மட்டும் கேட்டார். பட்டியலைத் திறந்தாலும் இனி அதற்குப் பதில் கிடையாது. அதுதான் தாங்க ஏலாமல் கிடக்கு.

பெப்ரவரி 13
ஆய்வுப் பொறுப்பாளர் டொக்டர் தில்லைநாதனிடம் சொல்லிவிட்டேன்.
“அந்தப் பட்டியை எடுத்தால் ஆய்வுக்கு வேண்டிய மாட்டுத் தொகை காணாது, கஜேந்தினி. எடுக்காட்டில் பொய். நீரே எழுதித் தாரும்.”
மூன்று தரம் கிழித்து நாலாம் தரம் எழுதினேன். வேலை போகுமோ? போனால் போகட்டும் — இல்லை, போகக் கூடாது.

மார்ச் 4
பேச்சியம்மாவின் பட்டி ஆய்விலிருந்து நீக்கம். வட்டக்கச்சியில் வேறு மாடுகளோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனக்கு எச்சரிக்கைக் கடிதம். அலுவலகத்தில் பாதிப் பேர் என்னோடு கதைக்கிறார்கள் இல்லை. செய்தது சரிதானா?

மே 14, 2025
தடுப்பூசி தேறிவிட்டது. வட்டக்கச்சியில் போட்ட மாடுகள் தப்பிவிட்டன. இன்று விசுவமடு. பேச்சியம்மா முதல் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.
“எல்லாத்துக்கும் மருந்துதான், அம்மா. இண்டைக்கு எனக்குத் தெரியும்.”
“நான் கேக்கலையே மிஸ்” என்றார். என் முகத்தைப் பார்க்காமல் அடுத்த மாட்டை அவிழ்க்கப் போனார்.
பதின்மூன்றுக்கும் போட்டு முடிக்க மத்தியானமாகிவிட்டது.