உமரிக்கு ஒரு கைப்பிடி உப்பு

என் கோபக்காரிக்கு,

நீ பயிற்சிக்குப் போன பத்து நாளில் மூன்று முறை போன் செய்தாய். மூன்று முறையும் பால்கனியில் இருக்கும் உமரிச் செடியைத்தான் விசாரித்தாய். உன் அலுவலகத்து நெட்டையன் கொடுத்த செடி. அவனைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.

போனில் சொல்ல நா எழவில்லை. செடி பட்டுப்போகட்டும் என்று தினமும் ஒரு சொம்புத் தண்ணீரில் ஒரு கைப்பிடி கல்லுப்பைக் கரைத்து ஊற்றினேன். அது தளதளவென்று தழைத்து நிற்கிறது!

நான் ஊற்றுவதைப் பார்த்து மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, இது அம்மா ஊர்க் கடலோரச் செடி. உப்புத் தண்ணிதான் இதுக்குப் பிடிக்கும். அம்மா எத்தனை தடவை சொன்னாங்க, நீங்க காதுலயே வாங்கலையா?"

இல்லை. நெட்டையன் காதில் வாங்கியிருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை நீ வந்ததும் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல். டிவியை அணைத்துவிட்டுக் கேட்கிறேன்.

உன் வீட்டுக்காரன்