அரளி வேண்டாம்

அஞ்சுகிராமம்
12.8.2025

அன்புள்ள சுபிதா,

நீ போனை எடுப்பதில்லை, அதனால் தபால். நம் ஷைஜா கல்யாணத்துக்கு உன் பேச்சை மீறி நான் போனதற்கு, மூன்று வருஷம் தனித்தனி வீட்டில் இருந்தது போதாதா? அது கிடக்கட்டும். இங்கே முற்றத்தில் வண்ணத்துப்பூச்சி வரும்படி செடி வைக்க வேண்டும். நீ தாவரவியல் படித்தவள், சொல். முள் கூடாது. அரளி வேண்டாம்.

ஞானசிங்

மயிலாடி
19.8.2025

ஷைஜா அப்பாவுக்கு,

கறிவேப்பிலைக்கு ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றாதவருக்கு வண்ணத்துப்பூச்சி கேட்கிறது.

இட்லிப்பூ வையுங்கள். ஆனால் பூ மட்டும் என்றால் தேன் குடித்துவிட்டுப் போய்விடும். தங்கி முட்டையிட, புழு தின்னும் இலை வேண்டும். எலுமிச்சை நல்லது, முள் உண்டு. எருக்கு நல்லது; பால் நஞ்சு. அரளியிலும் ஒரு வகை முட்டையிடும், அதை நீங்களே தள்ளிவிட்டீர்கள்.

முள்ளையும் நஞ்சையும் பார்த்துப் பார்த்து விலக்குகிறவர் தனக்காகக் கேட்பதில்லை. அரளியை வாயில் வைக்கும் வயதில் அங்கே யார்? பக்கத்து வீட்டு ஜெயபாய் அந்தப் பக்கம் போய்வந்து, "ஏட்டி, ஒன் புருசன் வீட்டுக் கொடியில குட்டிப் பாவாடை காயுது. ஆருக்குன்னு கேட்டியா?" என்றாள். கேட்கிறேன். அந்தப் பிள்ளையின் தாய் யார்? விவாகரத்துக்குக் கையெழுத்து வேண்டுமானால் நேராகக் கேளுங்கள். செடியைச் சாக்கிட்டு வராதீர்கள்.

சுபிதா

அஞ்சுகிராமம்
25.8.2025

அன்புள்ள சுபிதா,

தாய் ஷைஜா. பாவாடை உன் பேத்தியுடையது. ஒன்றரை வயது, எது கிடைத்தாலும் வாய்க்குத்தான் போகிறது. மருமகன் ஸ்ரீஜித் துபாய்க்குப் போனதும் ஷைஜா பிள்ளையோடு இங்கே வந்துவிட்டாள். உன்னிடம் சொல்லக் கூடாதென்று சத்தியம் வாங்கினாள். பிறகு அவளே, "அப்பா, அம்மைக்கு செடியக் கேட்டு எழுதுங்க. வேற எதுக்கும் அவ பதில் போட மாட்டா. அரளி வேண்டாம்னு சேருங்க. கண்டுபிடிச்சா கண்டுபிடிக்கட்டு" என்றாள். நீயாகக் கண்டுபிடித்தால் மறைக்க வேண்டாமாம்.

ஞானசிங்

மயிலாடி
2.9.2025

ஷைஜா அப்பாவுக்கு,

உங்களையும் நம்பவில்லை, அவளையும் நம்பவில்லை. என்னைக் கேட்கிறாளா, செடியைக் கேட்கிறாளா என்று இந்தக் கடிதத்திலும் தெரியவில்லை.

கறிவேப்பிலைதான் சரி. முள் இல்லை, நஞ்சு இல்லை, புழுவும் தின்னும். சின்னப் புழு பறவை எச்சம் மாதிரி இருக்கும். ஷைஜா அருவருத்துத் துடைத்து எறிவாள், விடாதீர்கள். இலை ஓட்டை விழுந்தால் மருந்தும் அடிக்காதீர்கள்.

குழந்தையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அதுவும் வேண்டுமென்றுதானா?

சனிக்கிழமை காலை பஸ்ஸில் இரண்டு கன்று கொண்டுவருகிறேன். ஷைஜாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கேட் பூட்டியிருந்தால் வெளியே வைத்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

சுபிதா