உலகு சொல்லி வைத்த லென்ஸ்

ஸ்ரீவராகம்,
திருவனந்தபுரம்.
15-6-2025

அன்புள்ள வேணிக்கா,

நீயும் அத்தையும் சுகம்தானே? இங்கே மழை பிடித்துக்கொண்டது. நீங்கள் காலி செய்து போன மாடிவீட்டில் இன்னும் யாரும் வரவில்லை. பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. பத்தாம் வகுப்பு முடியும்வரை போனைத் தொடக்கூடாது என்று அம்மா சட்டம் போட்டிருக்கிறாள். எனக்கு வருத்தமில்லை. கடிதத்தில்தான் எல்லாவற்றையும் விவரமாக எழுத முடிகிறது.

ஒரு சந்தோஷச் செய்தி, அதிலேயே ஒரு சந்தேகமும். நீ போகும்போது லென்ஸ் இல்லாமல் தந்த பழைய ருஷ்ய ஜோர்க்கி கேமராவுக்கு லென்ஸ் கிடைத்துவிட்டது! ஆரியசாலையில் அப்பா கணக்கெழுதும் மிளகாய் மண்டிக்குப் பின்சந்தில், பழைய சாமான் வாங்கி விற்கும் சரோஜம் சேச்சியின் ஆக்ரிக்கடை. மூடிப்போன ஒரு ஸ்டுடியோவின் சாமான்கள் எட்டுச் சாக்கு வந்திருக்கின்றன. மூன்றாவது சாக்கில் கிடைத்தது. இருநூறு ரூபாய். மரை கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் கேமராவின் பின்மூடியைக் கழற்றி, படச்சுருள் ஓடும் இடத்தில் எண்ணெய்த்தாளை ஒட்டிப் பார்த்தால் ஜன்னல் கம்பிகூடத் தெளிவாக விழவில்லை. எல்லாம் கஞ்சி மாதிரி கலங்கித் தெரிகிறது. தூரத்துக்கு ஏற்பத் திருப்ப வளையமும் இல்லை. இருக்கும் ஒரே வளையம் உள்ளே துவாரத்தைச் சுருக்குகிறது. நான் எங்கே தப்பு செய்தேன்?

அம்மா, "பத்தாங்கிளாஸ் படிக்க பிள்ளைக்கு ஆக்ரிக்கடையில என்ன சோலி?" என்று கேட்டபடியே இருக்கிறாள். நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. லென்ஸ் கிடைக்கிற அன்றைக்கே பஸ் ஏறி வருகிறேன், விழிஞ்ஞம் கடற்கரைக்குப் போய் முதல் ரோலைச் சேர்ந்து எடுப்போம் என்று சொல்லியிருக்கிறாயே! பையை எடுத்துத் தயாராக வை.

உன் உலகு

*

பாளையங்கோட்டை,
22-6-2025

செல்ல உலகுவுக்கு,

கோபித்துக்கொள்ளாதே, படித்துவிட்டு ஸ்டுடியோவில் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்துவிட்டேன். நீ வாங்கியது கேமரா லென்ஸே அல்லடி. இருட்டறையில் படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜரின் லென்ஸ். இரண்டுக்கும் ஒரே முப்பத்தொன்பது மில்லிமீட்டர் மரை. அதனால் சமர்த்தாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு படமும் தராது. நானும் இப்படி ஏமாந்தவள்தான்.

இனி இப்படிப் பார். தூரத்துக்குத் திருப்பும் வளையம் இருக்கவேண்டும். அதைத் திருப்பும்போது லென்ஸின் பின்பக்கம் ஓர் உலோக வளையம் முன்னும் பின்னும் நகரவேண்டும். அதுதான் கேமராவுக்குள் இருக்கும் சின்னக் கையைத் தள்ளி, கண் வைத்துப் பார்க்கும் ஜன்னலில் தெரியும் இரண்டு பிம்பங்களையும் ஒன்றாக்கும். அப்புறம், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் கண்ணாடியைப் பார். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கவரியோடு சேர்ந்து நமக்குக் கட்டாது. சாக்குகளைவிட நல்ல இடம் கிடையாது. தேடு. என் லென்ஸும் மங்கிப்போய்த்தான் கிடக்கிறது. உன் கைராசியில் எனக்கும் ஒன்று அகப்படட்டும்.

நீ லென்ஸோடு நில், நான் பையோடு வருகிறேன்.

அன்புடன்,
வேணிக்கா

*

ஸ்ரீவராகம்,
15-8-2025

அன்புள்ள வேணிக்கா,

கொடியேற்றி மிட்டாய் வாங்கிய கையோடு நேரே ஆக்ரிக்கடைக்கு ஓடினேன். ஆறாவது சாக்கில் இருந்தது! நிஜமான லென்ஸ்!

ஒவ்வொன்றாக எழுதுகிறேன், நீயே சரிபார். வெள்ளி நிறம். முன்பக்கம் ருஷ்ய எழுத்துகள், நடுவில் ஒன்று ஆங்கில எழுத்தைக் கண்ணாடியில் பார்த்தது போல் இருக்கிறது. பள்ளி நூலகத்து அகராதியின் பின்பக்கத்தில் உள்ள பிறமொழி எழுத்து அட்டவணையோடு ஒப்பிட்டு எழுத்துக்கூட்டினேன்: ஜூபிட்டர்-8. எண் 63 என்று தொடங்குகிறது. பின்வளையம் நகர்கிறது. எத்தனை தடவை திருப்பினேன் தெரியுமா? சரோஜம் சேச்சி, "மதி மோளே, போதும், தேஞ்சு போவும்" என்றார்கள். அவர்களுடைய போன் விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடி தெளிவு. ஓரத்தில் மட்டும் இரண்டு வெள்ளைப் புள்ளி, தூசியாக இருக்கலாம்.

ஆயிரத்தைந்நூறு சொன்னார்கள். நான் பள்ளிக்கூடத்தையும் பரீட்சையையும் உன்னையும் சொல்லிச் சொல்லி எழுநூற்றுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஓணத்துக்கு மாமா தரும் பணத்தில் வாங்கிக்கொள்கிறேன் என்றதும், ஒரு துணியில் சுற்றி மேல் அலமாரியில் பழைய மின்விசிறிக்குப் பின்னால் வைத்தார்கள். "இது உலகு சொல்லி வச்ச லென்ஸ். வேற ஆருக்கும் கொடுக்கமாட்டேன், கேட்டோ" என்றார்கள்.

புள்ளியைப் பற்றி மட்டும் சொல்லு. எந்தப் பஸ்ஸில் வருகிறாய் என்றும் எழுது. இன்றைக்குக் கணக்கில் மனம் ஓடவே இல்லை.

உன் உலகு

*

பாளையங்கோட்டை,
25-8-2025

அன்பு உலகு,

உன் கடிதம் கண்டேன். சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, அந்த லென்ஸை வாங்காதே. நீ எழுதிய வெள்ளைப் புள்ளி தூசியல்ல, பூஞ்சை. இன்றைக்கு இரண்டு புள்ளி, ஆறு மாதத்தில் சிலந்திவலை போல் கண்ணாடி முழுக்கப் பரவும். கேமராவுக்கும் ஒட்டிக்கொள்ளும். நல்ல லென்ஸ் இன்னொன்று வராமலா போகும்? பொறுமையாக இரு, படிப்பைக் கவனி.

இந்த மாதம் முகூர்த்தம் ஒன்றின்மேல் ஒன்றாக வருகிறது. ஸ்டுடியோவில் லீவு கேட்கவே முடியவில்லை. இப்போதைக்குத் திருவனந்தபுரம் பக்கம் வர வழியே இல்லை. வருத்தப்படாதே.

வேணிக்கா

*

ஸ்ரீவராகம்,
9-9-2025

வேணிக்கா,

உன் கடிதம் வந்த இரண்டாம் நாள், 30ஆம் தேதி, சரோஜம் சேச்சியின் கடைக்குப் போனேன். லென்ஸ் வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன். எனக்காக ஒரு பொருளை எடுத்து வைத்திருப்பவரைக் காக்கவைப்பது சரியல்ல என்று நினைத்தேன்.

அவர்கள் என்னைப் பார்த்ததும், "அக்காவ அனுப்பிட்டு நீ எந்துக்கு மோளே பின்னயும் வாற?" என்று கேட்டார்கள்.

"எந்த அக்கா?"

"கண்ணாடி போட்ட அக்கா. திருநெல்வேலியில இருந்து வந்தாங்களே. 'உலகு சொல்லி வச்ச லென்ஸ் எடுங்க, நான் அவ அக்கா'ன்னாங்க. நானே எடுக்கதுக்கு முன்ன ஃபேனுக்குப் பொறத்த கைய விட்டுட்டாங்க! நீ பேசி வச்ச எழுநூறுக்கே கொடுத்தேன். நல்ல குட்டி, வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துட்டு ஒரே சிரிப்பு."

என்றைக்கு என்று கேட்டேன். 23, சனிக்கிழமை என்றார்கள். பேத்திக்கு அன்று முதல் சோறூட்டு, மதியமே கடை அடைத்ததால் நன்றாக நினைவிருக்கிறதாம்.

உன் கடிதத்தில் 25 என்று தேதி இருக்கிறது.

அன்றைக்கே உனக்கு எழுதவில்லை. ஏன் என்று சொல்கிறேன். செப்டம்பர் 2 என் பிறந்தநாள். எனக்குத் தெரியாமல் வாங்கி அனுப்பப்போகிறாய், அதற்காகத்தான் பூஞ்சை என்று எழுதியிருக்கிறாய் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததும் ஆக்ரிக்கடை வாசலிலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அக்கா பிறந்தநாளுக்கு வாங்கியிருக்கா" என்று சேச்சியிடம் சொல்லிவிட்டேன். அம்மாவிடமும் சொன்னேன். இரண்டாம் தேதி தபால் வரவில்லை. மூன்றாம் தேதி மின்கட்டணச் சீட்டு மட்டும் வந்தது. ஓண விடுமுறையில் தபால் தாமதமாகும் என்று அப்பா சொன்னார். நேற்றுவரை பார்த்தேன்.

லென்ஸை நீ கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அது உண்மை. உன் லென்ஸ் மங்கிவிட்டது என்று எனக்குத் தெரியும். "உலகு, இது எனக்கு வேண்டும்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் நானே துணியில் சுற்றி அனுப்பியிருப்பேன்.

ஆரியசாலையிலிருந்து எங்கள் வீட்டுக்கு இருபது நிமிட நடை. உனக்கு அந்த வழி தெரியும், மூன்று வருஷம் நடந்திருக்கிறாய். 23ஆம் தேதி நான் எங்கும் போகவில்லை. காலையிலிருந்து தெருப்பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்து வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன்.

உலகு

*

பாளையங்கோட்டை,
16-9-2025

உலகு கண்ணே,

என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. உன் கடிதத்தில் 63 என்ற எண்ணைப் படித்ததும், அந்த வருஷத்து நல்ல லென்ஸ் என்று தெரிந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. அக்டோபரில் மதுரையில் ஒரு கண்காட்சி, பத்துப் படம் கேட்டிருக்கிறார்கள். இந்த மங்கிய லென்ஸை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்? நீ பள்ளிக்கூடப் பெண், உனக்கு இன்னும் எத்தனையோ காலம் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் வீட்டுக்கு வந்தால் உன் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வராது. அதனால்தான் தலைகுனிந்து பஸ் ஏறிவிட்டேன்.

கண்காட்சி முடிந்ததும் லென்ஸை உனக்கே அனுப்பிவிடுகிறேன், சத்தியம். நானே கொண்டுவந்து தந்தாலும் தருவேன். விழிஞ்ஞம் போகலாம். பழைய மாதிரி இருப்போம்.

வேணிக்கா

பி.கு.: மீதி இரண்டு சாக்கையும் பிரித்துவிட்டார்களா? 35 மில்லிமீட்டர் லென்ஸ் ஏதாவது கண்ணில் பட்டதா? சும்மாதான் கேட்கிறேன்.

*

ஸ்ரீவராகம்,
திருவனந்தபுரம்.
2-11-2025

மதிப்பிற்குரிய கிருஷ்ணவேணி அக்கா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் உரிய காலத்தில் கிடைத்தது. அரையாண்டுப் பரீட்சை நெருங்குவதால் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கண்காட்சி நன்றாக நடந்திருக்கும் என்று நம்புகிறேன். அம்மா உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. லென்ஸ் தபாலில் தொலைந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அந்த லென்ஸை அனுப்ப வேண்டாம். எனக்கு வேறொன்று கிடைத்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் விழிஞ்ஞம் போனோம். முதல் ரோலை எடுத்துவிட்டேன். கழுவி வந்ததில் முப்பத்தாறில் இருபத்திரண்டு தெளிவாக இருக்கின்றன. மீன்கூடை தூக்கிய ஓர் அம்மாள் என்னைப் பார்த்து, "ஏம்மா, அதுல போன் பேசலாமா?" என்று கேட்டார்கள். அந்தப் படமும் நன்றாக வந்திருக்கிறது.

மீதி இரண்டு சாக்குகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரண்டையும் பிரித்தார்கள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். அவற்றில் என்னென்ன இருந்தன என்று எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ச. உலகம்மை