வலது காலும் ஒரு பழைய செல்போனும்

ஜூலை 3, திங்கள்

ஹெச்.எம். மேடம் கூப்பிட்டு ஒரு செல்போன் ஸ்டாண்டைக் கையில் கொடுத்தார். மூன்று கால். மூன்றும் மூன்று திசையில் நிற்கின்றன.

"பயிற்சிக்குப் போயிருந்தேன் சார். விளையாட்டு வகுப்புல கையடக்கமா, மலிவா இருக்கிற கருவியெல்லாம் பயன்படுத்தணுமாம். உங்க பழைய போனே போதும். பிள்ளைங்க ஓடுறதை, தாண்டுறதைப் படம் எடுத்து மெதுவா ஓட்டிக் காட்டுங்க."

பதினான்கு வருஷமாக ஒரே ஒரு விசிலை வைத்துக் காலம் தள்ளிய பி.டி. வாத்தியாருக்கு இது தேவையா?

அதோடு விட்டாரா? மணல் குழியையும் இழுத்தார். நீளம் தாண்டுவதில் நம் பள்ளி இதுவரை தகுதிச் சுற்றைக்கூடப் பார்த்ததில்லை. இந்த மாதக் கடைசியில் போட்டி. யாராவது ஒருவர் நான்கு மீட்டர் தாண்டினால் குழி தப்பும். இல்லாவிட்டால் அதை மூடிவிட்டுப் பள்ளி வேனுக்கு ஷெட் போடுவார்களாம். நிர்வாகம் முடிவே செய்துவிட்டதாம்.

என் குழியில் வேனா? பார்த்துவிடலாம் ஒரு கை.

ஜூலை 4

ஸ்டாண்டு மூன்று முறை விழுந்தது. நான்காவது முறை நான் அதன் மேல் விழுந்தேன். பிள்ளைகள் அதை மட்டும் ஆடாமல் அசையாமல் படம் எடுத்திருக்கிறார்கள்.

ஜூலை 5

எப்படித் தாண்டுவது என்று நானே ஓடிக் காட்டினேன். படத்தை வீட்டில் போட்டுப் பார்த்தது தப்பு. மெதுவாக ஓட்டினால், நான் தரைக்கு வந்து அரை நொடி கழித்துத்தான் என் தொப்பை வந்து சேருகிறது.

"பாவம், அதுக்கு யாரும் விசில் அடிச்சுச் சொல்லலை போல" என்றாள் மனைவி. சிரித்துச் சிரித்துப் புரையேறி, தலையில் தட்டிக்கொண்டாள். நான் தட்டவில்லை.

ஜூலை 6, வியாழன்

எட்டாம் வகுப்பில் ஒரு பெண். எல்லாரும் நெட்டை என்றுதான் கூப்பிடுகிறோம். ஓடி வந்தாளென்றால் அப்படி ஒரு வேகம். ஆனால் எகிறும் பலகைக்குப் பக்கத்தில் வந்ததும் ஒரு குட்டித் தத்தல். அங்கேயே வேகம் செத்துவிடும். மூன்று நாற்பதைத் தாண்டமாட்டாள். "தயங்காதே! தயங்காதே!" என்று ஒரு வருஷமாகத் தொண்டை கிழியக் கத்துகிறேன்.

இன்று கையும் களவுமாகப் பிடித்தேன். படத்தை நிறுத்தி, "பாரு, இங்கதான் பயப்படுற" என்றேன்.

அவள் போனுக்குள் மூக்கை விட்டுப் பார்த்தாள். "பயம் இல்ல சார். கால் மாத்துறேன்."

"எதுக்கு மாத்துற?"

"எனக்கு இடது கால்தான் சார் வருது. நீங்கதானே வலது காலாலதான் எகிறணும்னு சொன்னீங்க?"

"ஆமா, வலது கால்தான்" என்று சொல்லி, விசில் அடித்து வகுப்பை முடித்துவிட்டேன். மணி அடிக்க இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருந்தது.

ஜூலை 7

போன் பழசு. ஒருவேளை இடம் வலமாக மாற்றிக் காட்டுகிறதோ? காட்டலாமே?

ஜூலை 8, சனி

மாற்றிக் காட்டவில்லை. மனைவியை வாசலில் ஓடி வந்து ஒரு வாளியைத் தாண்டச் சொல்லிப் படம் எடுத்தேன். எடுத்த எடுப்பில் இடது காலால் எகிறினாள்.

"ஏன் இடது கால்?"

"ஏங்க, எது வந்துச்சோ அதுல குதிச்சேன். இதுக்கெல்லாமா சட்டம் இருக்கு?"

இருந்தது. நான் போட்ட சட்டம். எந்தப் புத்தகத்திலும் இல்லை, எனக்கு யாரும் சொல்லித் தரவும் இல்லை. எனக்கு வலது கால் வரும், அதனால் எல்லாருக்கும் வலது கால். என் செருப்பு ஒன்பதாம் நம்பர் என்பதற்காக ஊருக்கே ஒன்பதாம் நம்பர் மாட்டிவிட்ட கதை.

இந்த வாரம் எடுத்த பதின்மூன்று பிள்ளைகளின் படத்தையும் போட்டுப் பார்த்தேன். ஒன்பது பேரிடம் அந்தத் தத்தல். ஒன்பது! பதினான்கு வருஷத்தில் எத்தனை பேரை "உனக்கு வராது, ஓரமா நில்லு" என்று விரட்டியிருப்பேன்?

யாருகிட்டயும் சொல்லாம விட்டா என்ன? 'புது விதி வந்திருக்கு, இனிமே எந்தக் காலும் சரி'ன்னு சொல்லிட்டாப் போச்சு. யாருக்குத் தெரியப்போகுது? புது விதி. நல்லாத்தானே இருக்கு.

ஜூலை 10, திங்கள்

"புது விதி" என்று ஆரம்பித்தேன். நெட்டை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொல்லிவிட்டேன். "விதியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன். எந்தக் கால் தானா வருதோ அதுதான் உங்க கால்."

கடைசி வரிசையிலிருந்து ஒரு வாண்டு கை தூக்கினான். "சார், அப்ப நாங்க உங்களைத் திட்டலாமா?"

என்ன தோன்றியதோ, "ஒரே ஒரு நிமிஷம். போன்ல நேரம் வைக்கிறேன்" என்றேன்.

அடேயப்பா! எங்களை வெயிலில் விட்டுவிட்டு நீங்கள் நிழலில் உட்கார்ந்திருக்கிறீர்கள், விசில் சத்தத்தில் காது போச்சு, பந்தைப் பூட்டி வைத்துச் சாவியைத் தொலைத்தது யார் — வண்டி வண்டியாக வந்தது. ஒருத்தன் வீட்டிலிருந்த கோபத்தையும் சேர்த்து என் தலையில் கொட்டினான். நெட்டை மட்டும் வாயே திறக்கவில்லை. ஐம்பத்தைந்தாவது நொடியில், "ஒரு வருஷம் சார்" என்றாள். அவ்வளவுதான். மற்றதெல்லாம் சேர்ந்தும் அந்த அளவுக்குக் குத்தவில்லை.

அப்புறம் அவரவர் காலில் தாண்டினார்கள். நெட்டை மூன்று எழுபத்தொன்று.

ஜூலை 14, வெள்ளி

வேன் டிரைவர் வந்து நின்றான். பிள்ளைகள் தினமும் வேனில் என்னைத் திட்டும் நாடகம் நடத்துகிறார்களாம்.

"சார், எந்தக் கால்ல வேணா தாண்டலாமாமே? நெஜமா?"

பதினோரு வருஷத்துக்கு முன் இங்கே என்னிடம் படித்தவன் என்று எனக்கு நினைவே இல்லை. அவனுக்கு எல்லாம் நினைவு இருக்கிறது. "உனக்குத் தாண்டுறதெல்லாம் வராது, போய் டேப் பிடி" என்றேனாம், எல்லார் முன்னாலும். இரண்டு வருஷம் மற்றவர்கள் தாண்டத் தாண்ட டேப் பிடித்திருக்கிறான். இடது கால்காரன்.

"எனக்கும் ஒரு நிமிஷம் உண்டா சார்?"

போனை எடுத்து நேரம் வைத்தேன். வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான். போன் கூவிவிட்டது. "ஒண்ணும் வரல சார்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

திட்டித் தொலைத்திருக்கலாம். பாவி.

ஜூலை 28, வெள்ளி

போட்டி. நெட்டையின் முதல் தாண்டல் ஃபவுல். இரண்டாவது மூன்று எண்பத்தெட்டு. மூன்றாவது மூன்று தொண்ணூற்றாறு.

நாலு சென்டிமீட்டர்! ஒரு சோப்புக் கட்டி அகலம்கூட இல்லையே!

நெட்டை அலட்டிக்கொள்ளவே இல்லை. இரண்டு ஐஸ்கிரீம் தின்றுவிட்டு வேனில் தூங்கிப்போனாள். எனக்குத்தான் அழுகை வந்தது. வெளியே தெரியாமல் இருக்க விசிலை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். விம்மலுக்கு ஒன்று என்று அது கீச்சு கீச்சு என்று கத்த, முழு வேனும் திரும்பிப் பார்த்தது. டிரைவர்கூடக் கண்ணாடியில் பார்த்தான்.

ஜூலை 31

மேடத்திடம் கெஞ்சினேன். மூன்று நாற்பதிலிருந்து மூன்று தொண்ணூற்றாறு என்று படத்தோடு காட்டினேன். "எனக்குப் புரியுது சார். நிர்வாகத்துக்கு நாலுன்னா நாலுதான்" என்றார். புதன்கிழமை ஆள் வருகிறார்கள்.

ஆகஸ்ட் 1

குழியை ஒரு முறை கொத்திச் சமன் செய்தேன். நாளைக்கு மூடப்போற குழியை எதுக்குச் சமன் பண்றே? தெரியல.

ஆகஸ்ட் 2, புதன்

ஷெட் போடுபவர்கள் வந்தார்கள். தூண் எங்கே நடுவது என்று பார்க்க, வேனை உள்ளே ஏற்றி நிறுத்திக் காட்டச் சொன்னார் மேடம். வேலை தொடங்குவதைப் படம் எடுத்து நிர்வாகத்துக்கு அனுப்பும் பொறுப்பு எனக்கு. என் வீட்டு இழவுக்கு நானே படம் பிடிக்க வேண்டுமாம். ஸ்டாண்டு இன்று பார்த்துக் கல்லு மாதிரி நின்றது.

டிரைவர் முன்னால் வந்தான், பின்னால் வந்தான், பக்கவாட்டில் வந்தான். ஆறு முறை. ஒவ்வொரு முறையும் குறுக்கே நின்றது வேன். கடைசியில் இறங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மேடம், இந்த இடத்துல வேன் திரும்பாது. ஷெட் போட்டாலும் வீண்தான்" என்றான். மேடம் கொத்தனாரைப் பார்த்தார். கொத்தனார் வேனைப் பார்த்தார். பத்து நிமிஷம் பேசி, ஷெட் முன்வாசல் பக்கம் போடுவது என்று முடிவாகிவிட்டது.

தினமும் சாயங்காலம் தெருமுனையில் இரண்டு லாரிகளுக்கு நடுவில், ஒரு சாண் இடைவெளியில், ஒரே மூச்சில் பின்னால் ஏற்றி நிறுத்துகிறவன் அவன்.

எல்லாரும் போன பிறகு படத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். ஆறு முறையும் அம்சமாக உள்ளே வருகிறான். கடைசி நொடியில் ஸ்டியரிங்கை வேண்டுமென்றே மறுபக்கம் ஒடிக்கிறான். இரண்டு தடவை பார்த்துவிட்டு அழித்துவிட்டேன். மேடம் கேட்டதற்கு, பதிவாகவில்லை என்று சொல்லிவிட்டேன்.